சாலரியில் இருப்பது யாருடைய உப்பு?



தோட்டக் காரியாலயத்தில் மாத முடிவில் இரண்டு பட்டியல்கள் தயாராகின்றன. ஒன்று உத்தியோகத்தர்களுக்கு. அதன் தலைப்பில் 'சாலரி' என்று இருக்கும். மற்றது செக்ரோல். அதில் 'வேஜஸ்' என்று இருக்கும். நாமும் பேச்சில் அதே பிரிவை வைத்திருக்கிறோம். கிளார்க் ஐயாவுக்குக் கிடைப்பது சம்பளம், தேங்காய் உரிக்கிறவருக்குக் கிடைப்பது கூலி என்கிறோம். ஒரே தென்னையின் கீழே ஒரே தோட்டத்துக்கு உழைக்கும் இரண்டு பேருக்கு இரண்டு சொல்.

இது வெறும் சொல் விஷயம் என்று விட்டுவிட முடியாது. நம் மாவட்டத்துத் தோட்டம் ஒன்றில், காய் கணக்குக்கு வேலை செய்யும் தொழிலாளர்கள் தங்களுக்கும் ஊழியர் சேமலாப நிதி, அதாவது ஈ.பி.எஃப். கட்ட வேண்டும் என்று கேட்டார்கள். வந்த பதில் இதுதான்: "உங்களுக்குக் கொடுப்பது கூலி. சம்பளம் இல்லை. கூலிக்கு ஈ.பி.எஃப். கிடையாது." கேட்டவர்களில் சிலர் அதை நம்பித் திரும்பி வந்துவிட்டார்கள். ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு உரிமையை மறுக்க முடிகிறது என்றால், அந்தச் சொல்லின் வேர் என்ன என்று பார்ப்பது சங்கத்தின் வேலைதான். ஆகவே இந்த இதழில் 'சாலரி' என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறோம். அது உப்பிலிருந்து பிறந்த சொல். உப்பு விளையும் கரையில் வாழும் நாம் அதைப் பற்றிப் பேசாமல் வேறு யார் பேசுவது?

உப்பிலிருந்து வந்த சொல்

பழைய ரோமாபுரியின் மொழி லத்தீன். அதில் உப்புக்கு 'சால்' என்று பெயர். அதிலிருந்து 'சலாரியம்' என்ற சொல் பிறந்தது. அரசு தன் ஆட்களுக்குக் கொடுத்த படிக்கு அந்தப் பெயர். பிரெஞ்சு மொழி வழியாக 14ஆம் நூற்றாண்டளவில் அது ஆங்கிலத்துக்குள் போய் 'சாலரி' ஆயிற்று. இன்று கடைகளில் கேட்கும் 'சலாட்', 'சோஸ்', 'சொசேஜ்' ஆகிய சொற்களும் அதே உப்பின் பிள்ளைகள்.

ரோமானியப் படைவீரர்களுக்கு உப்பையே சம்பளமாக அளந்து கொடுத்தார்கள் என்று ஒரு கதை உலகமெங்கும் சொல்லப்படுகிறது. பாடப் புத்தகங்களிலும் வருகிறது. அதற்கு நேரடியான ஆதாரம் இல்லை. வீரனின் வழக்கமான சம்பளம் காசாகவே கொடுக்கப்பட்டது, அதற்கு 'ஸ்டிப்பெண்டியம்' என்று வேறு பெயர் இருந்தது. கி.பி. 79இல் எரிமலை வெடிப்பில் இறந்த பிளினி என்ற அறிஞர், 'சலாரியம்' என்ற சொல்லுக்கும் உப்புக்கும் உள்ள உறவை எழுதி வைத்திருக்கிறார். அந்த உறவு எப்படி ஏற்பட்டது என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை. உப்பு வாங்கக் கொடுத்த படியாக இருக்கலாம் என்று சிலர் ஊகிக்கிறார்கள். கதையை எவ்வளவு குறைத்தாலும் ஒரு விஷயம் மிஞ்சுகிறது: அரசாங்கத்து ஆளுக்குக் கொடுக்கும் பணத்துக்குப் பெயர் வைக்கும்போது, மனிதன் உயிர் வாழத் தேவையான ஒரு பொருளின் பெயரையே அவர்கள் வைத்தார்கள்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 'அளம்' என்றால் உப்பு விளையும் நிலம். புது அளம் என்பதே புத்தளம் ஆயிற்று என்று நம் பெரியவர்கள் விளக்கம் சொல்வார்கள். பாலாவிப் பக்கம் போகிற எவருக்கும் அந்த விளக்கத்தை நம்பச் சிரமம் இருக்காது. சாலையின் பக்கத்திலேயே பாத்திகள், குவித்து வைத்த வெள்ளை மேடுகள். கண்டி இராச்சியம் நின்ற காலத்தில் மலைநாட்டுக்கு இந்தக் கரையிலிருந்தும் உப்புப் போயிற்று. 1766இல் டச்சுக்காரர் கண்டி மன்னரோடு ஒப்பந்தம் செய்து கடற்கரை முழுவதையும் தங்கள் பிடிக்குள் கொண்டுவந்தபோதும், கண்டி மக்கள் சிலாபம், புத்தளம் பக்கத்து உப்பை எடுத்துக்கொள்ள அனுமதிக்க வேண்டியிருந்தது. தங்கத்துக்கும் கறுவாவுக்கும் சண்டை போட்டவர்கள்கூட உப்பில்லாமல் ஒரு நாட்டை வாழ வைக்க முடியாது என்று ஒப்புக்கொண்டார்கள்.

இது பழங்கதை மட்டும் இல்லை. 2025இல் மழை உப்பளங்களைக் கெடுத்தபோது, சுற்றிலும் கடல் உள்ள இந்த நாடு இந்தியாவிலிருந்து உப்பு இறக்கியது. கடையில் உப்புப் பக்கற்றுக்கு வரிசை நின்றபோதுதான் பலருக்கு உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் என்று சிலர் இருப்பதே நினைவுக்கு வந்தது.

நம் சொல்லிலும் அதே உப்பு

நம் 'சம்பளம்' என்ற சொல்லைப் பாருங்கள். சம்பா நெல்லும் அளத்து உப்பும் சேர்ந்தது சம்பளம் என்று ஒரு விளக்கம் நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. உழைத்தவனுக்கு நெல்லும் உப்பும் அளந்து கொடுத்த காலத்துச் சொல் என்பார்கள். மொழி ஆராய்ச்சி செய்கிறவர்கள் எல்லாரும் இதை ஏற்பதில்லை. வடமொழியில் 'சம்பலம்' என்றால் வழிப்பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போகும் உணவு, அதிலிருந்து வந்தது என்று சொல்கிறவர்களும் உண்டு. எது சரியாக இருந்தாலும் சோறுதான் வருகிறது. ஒன்றில் அரிசியும் உப்பும், மற்றதில் கட்டுச்சோறு.

நம்மோடு வேலை செய்யும் சிங்களத் தோழர்கள் சம்பளத்தை 'படிய' என்கிறார்கள். அது தமிழ்ப் 'படி'யிலிருந்து போன சொல் என்று மொழி அறிஞர்கள் காட்டுகிறார்கள். படி என்றால் நெல் அளக்கும் படி. "படியளக்கிறவன்" என்று நாம் சொல்வதும் அதே படிதான். ஆக லத்தீன்காரன் உப்பைச் சொன்னான், நாம் சோற்றைச் சொன்னோம், சிங்களத் தோழர் அரிசி அளக்கும் பாத்திரத்தைச் சொல்கிறார். மூன்று மொழியும் கூடி ஒன்றைத்தான் சொல்கின்றன. உழைத்தவர் தன் குடும்பத்தோடு உண்டு உயிர் வாழப் போதுமானது எதுவோ அதுவே சம்பளம். அதற்குக் குறைந்தது எதுவோ, அதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

நம் முன்னோரின் காலத்தில் இது வெறும் சொல்லாக இருக்கவில்லை. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்சச் சம்பளக் கட்டளைச் சட்டம் இந்தியத் தொழிலாளருக்காக வந்தபோது, நாட்சம்பளத்தோடு அரிசியைக் குறித்த விலைக்குக் கொடுக்கும் ஏற்பாடும் அதில் சேர்ந்தே இருந்தது. அரிசி விலையைச் சேர்க்காமல் சம்பளத்தைப் பேச முடியாது என்று வெள்ளைக்காரத் துரைமாரின் காலத்துச் சட்டத்துக்கே தெரிந்திருந்தது. இன்று அரிசி, தேங்காய், உப்பு மூன்றின் விலையும் ஏறும்போது சம்பளம் மட்டும் ஏன் அசையாமல் நிற்க வேண்டும் என்று நாம் கேட்டால், நாம் புதிதாக எதையும் கேட்கவில்லை.

வேஜஸ், கூலி

நாம் ஆங்கிலம் கற்பிக்கும் வகுப்பில் இந்தச் சொற்களைப் பலகையில் எழுதினோம். ஒரு பிள்ளை எழுந்து, "டீச்சர், எங்கட அம்மாவுக்குக் கிடைக்கிறது சாலரியா, வேஜஸா?" என்று கேட்டாள். பாடப் புத்தகத்தின்படி பதில் எளிது. மாதத்துக்கு என்றால் சாலரி, நாளுக்கோ கிழமைக்கோ என்றால் வேஜஸ். ஆனால் அந்தப் பிள்ளை கேட்டது அது இல்லை. எது பெரியது, தன் தாய் எந்தப் பக்கம் என்பதைக் கேட்டாள். வகுப்பிலிருந்த மற்றப் பிள்ளைகளும் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

'வேஜ்' என்ற சொல்லின் வேர் வேறு. பழைய பிரெஞ்சில் அதற்குப் பிணை, ஈடு என்று பொருள். வீட்டை, காணியை ஈடு வைப்பதற்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'மோர்ட்கேஜ்' என்ற சொல்லின் பின்பாதியும் அதே வேர்தான். அதாவது வேஜஸ் என்றால் பிணையாகக் கொடுத்த வாக்கு. நீ வேலை செய், நான் தருவேன் என்று வேலை கொடுப்பவர் கட்டுப்பட்ட வாக்கு. வாக்குக் கொடுத்தவர் தவறினால் கேட்கிற உரிமை மற்றவருக்கு உண்டு. ஆனால் நம் லயன்களில் நடப்பது என்ன? சம்பளம் தாமதித்தால் அடகுக் கடைக்குப் போவது நம் பெண்களின் தோடும் சங்கிலியும்தான். வாக்குக் கொடுத்தவர் எதையும் அடகு வைப்பதில்லை.

'கூலி' நம் சொல். செய்த வேலைக்குரிய பலன் என்பது அதன் பொருள். நல்ல சொல், பழைய சொல். சிங்களத்தில் வாடகைக்குச் சொல்லும் 'குலிய' என்பதும் இதுதான். ஐரோப்பியர் வாயில் விழுந்தபோது அதற்கு ஒரு விபத்து நடந்தது. 1886இல் வெளிவந்த 'ஹொப்சன்-ஜொப்சன்' என்ற அகராதி, ஆங்கிலத்தில் வழங்கும் 'கூலி' என்ற சொல்லுக்கு இரண்டு வேர்களைக் காட்டுகிறது. ஒன்று குஜராத்தின் கோலி என்ற மக்களின் பெயர், மற்றது தமிழின் கூலி. எப்படி வந்திருந்தாலும், நமக்குப் பணத்தின் பெயராக இருந்தது ஆங்கிலத்தில் மனிதனின் பெயராகிவிட்டது. உழைக்கிறவரின் பெயர், ஊர், தகப்பன் பெயர் எல்லாம் போய், அவருக்குக் கொடுக்க வேண்டிய காசு மட்டும் அவர் பெயராக நின்றது. 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நம் பாட்டன் பாட்டிமாரை 'இந்தியக் கூலிகள்' என்றே எழுதியது. தென்னாபிரிக்கா, பிஜி, மேற்கிந்தியத் தீவுகள் என்று நம் ஆட்கள் கப்பலேறிய எல்லா இடத்திலும் அந்தப் பெயர் பின்னாலேயே போயிற்று, வசைச்சொல்லாக.

இதற்கு நேர் எதிரான ஒன்று தோட்டத் தமிழில் இருக்கிறது. ஒரு நாள் வேலையை நாம் 'ஒரு பேர்' என்கிறோம். "இந்த மாசம் எத்தனை பேர்?" என்று கேட்கிறோம். நேரத்தோடு திருப்பி அனுப்பினால் 'அரைப்பேர்'. செக்ரோலில் பெயருக்கு நேரே அடையாளம் போடுவதால் வந்த வழக்கு. அவர்கள் மனிதனின் பெயரை எடுத்துவிட்டுக் காசை வைத்தார்கள். நம் ஆட்கள் நாள் சம்பளத்துக்கே 'பேர்' என்று பெயர் வைத்தார்கள். அரைப்பேர் போட்ட அன்று நமக்கு ஏன் அவ்வளவு சுடுகிறது என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. பாதிக் காசு மட்டுமா போகிறது? பாதிப் பெயரும் போகிறது.

சொல் மாறினால் போதுமா?

'கூலி' என்ற சொல்லை ஒழித்துவிட்டால் இழிவு போய்விடும் என்று நம்மவர்களில் சிலர் சொல்கிறார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. 2016இல் இந்திய ரயில்வே, நிலையங்களில் சுமை தூக்குகிறவர்களை இனிக் 'கூலி' என்று அழைக்க வேண்டாம், உதவியாளர் என்ற பொருளில் 'சஹாயக்' என்று அழைக்கலாம் என்று அறிவித்தது. நல்ல காரியம்தான். ஆனால் அவர்கள் ரயில்வேயின் சம்பளப் பட்டியலில் சேரவில்லை. தலைச்சுமையும் குறையவில்லை. பெயரை மட்டும் கழுவி வைத்தால் இதுதான் நடக்கும்.

"சொல்லில் என்ன இருக்கிறது, காசு வந்தால் போதும்" என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அதையும் நாம் ஏற்கவில்லை. நம் காசைத் தடுப்பதற்கே சொல் பயன்படுகிறது என்பதை மேலே பார்த்தோம். 'கூலி', 'கொந்தராத்து', 'கைவேலை', 'காய் கணக்கு' என்று ஒவ்வொரு பெயராக வைத்து, ஒவ்வொரு பெயரின் பின்னாலும் ஒரு உரிமையை ஒளித்து வைக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம், சாலரி என்றாலும் வேஜஸ் என்றாலும் இரண்டையும் உழைப்பின் வருமானமாகவே கணக்கிடுகிறது. நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டும் என்று அது சொல்லவில்லை. தற்காலிகமாக வேலை செய்கிறவருக்கும், நாளாந்தம் வேலை செய்கிறவருக்கும், துண்டுக் கணக்கில் வேலை செய்கிறவருக்கும் அது உண்டு. தொழிலாளியின் பங்கு 8 சதவீதம், வேலை கொடுப்பவரின் பங்கு 12 சதவீதம். அந்த 12ஐ நம் சம்பளத்தில் கழிக்க முடியாது. 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு, அதாவது ஈ.டி.எஃப்.க்கு, வேலை கொடுப்பவர் இன்னும் 3 சதவீதம் கட்ட வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் 2026 ஜனவரி முதல் மாதத்துக்கு 30,000 ரூபாய், நாளுக்கு 1,200 ரூபாய். ஒரு தொழிலாளிக்கு 25 பேர் விழுந்தால் 30,000. அதில் 12 சதவீதம் 3,600 ரூபாய். 3 சதவீதம் 900 ரூபாய். இரண்டும் சேர்ந்து மாதத்துக்கு 4,500, வருடத்துக்கு 54,000 ரூபாய். "கூலிக்குக் கிடையாது" என்ற ஒரு வார்த்தையின் விலை இது. ஒரு குடும்பத்துக்கு, ஒரு வருடத்துக்கு. பத்து வருடம் காய் உரித்தவருக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

தேயிலைத் தோட்டச் சம்பளம் பத்திரிகையில் வருகிறது. 2021இல் 1,000 ரூபாய், 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் என்று நாடே பேசியது. தென்னந்தோட்டத்தைப் பற்றி அப்படி யாரும் பேசுவதில்லை. 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தெங்குச் செய்கைக்கும் தனியாக ஒரு சபை உண்டு என்பதே நம் இளைஞர்களில் பலருக்குத் தெரியாது. அந்தச் சபையின் பெயரைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் 'வேஜஸ் போர்ட்'. தமிழில் சம்பள நிர்ணய சபை. கூலி நிர்ணய சபை என்று யாரும் சொல்வதில்லை. நமக்குக் கிடைப்பது சம்பளம் இல்லை என்று இனி யாராவது சொன்னால், சபையின் பெயரைச் சொல்லுங்கள்.

யாருடைய உப்பு?

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்பது நம் பழமொழி. சம்பள உயர்வு கேட்கும் போதெல்லாம் இதை நமக்கே திருப்பிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தோட்டத்து உப்பைத் தின்றுவிட்டுத் தோட்டத்துக்கு எதிராகப் பேசலாமா என்கிறார்கள். பழமொழியில் நமக்குச் சண்டை இல்லை. உப்பிட்டவர் யார் என்பதில்தான் சண்டை. பாலாவியில் வெயிலில் பாத்தியில் நின்று உப்பை வாரியவர் தொழிலாளி. அந்த உப்பு நாடு முழுவதும் எல்லார் சோற்றிலும் இருக்கிறது. மாதம்பையிலும் முந்தலிலும் தேங்காய் பறித்து, உரித்து, கொப்பரா காய வைத்து, மட்டையைத் தும்பாக்கியவர் தொழிலாளி. அந்தத் தேங்காய் எல்லார் கறியிலும் இருக்கிறது. அப்படியானால் உள்ளளவும் நினைக்க வேண்டியவர்கள் யார்?

ஆகவே நாம் கேட்டுக்கொள்வது இதுதான். முதலாவது, வீட்டிலும் வேலைத்தளத்திலும் நம் வருமானத்தைச் சம்பளம் என்றே சொல்வோம். கூலி என்ற சொல்லுக்கு வெட்கப்பட்டு அல்ல, அதை வைத்து நம்மைப் பிரிக்க விடாமல் இருக்க. இரண்டாவது, ஒவ்வொரு மாதமும் சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குவோம். எத்தனை பேர், எத்தனை அரைப்பேர், எவ்வளவு ஈ.பி.எஃப். என்று வாசித்துப் பார்ப்போம். வாசிக்கச் சிரமமானவர்கள் பிள்ளைகளிடம் கொடுங்கள், அல்லது சங்கக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். மூன்றாவது, காய் கணக்கிலும் கொந்தராத்திலும் வேலை செய்கிறவர்கள், எத்தனை வருடம் யாரிடம் வேலை செய்தீர்கள் என்பதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஈ.பி.எஃப். கட்டப்படவில்லை என்றால் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்யலாம். தனியாகப் போகத் தயங்குகிறவர்களோடு சங்கம் வரும். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என்று பார்க்காமல் ஒன்றாகவே போவோம். படியும் சம்பளமும் ஒரே அரிசிதான்.

வகுப்பில் அந்தப் பிள்ளைக்கு நாம் சொன்ன பதிலையும் எழுதிவிடுகிறோம். அம்மாவுக்குக் கிடைப்பது சாலரியா வேஜஸா என்பதைப் பட்டியல் எழுதுகிறவர் தீர்மானிக்கிறார். அது போதுமா போதாதா என்பதைத் தீர்மானிக்க வேண்டியது உன் வீட்டு அரிசிப் பானையும் உப்புப் போத்தலும். இரண்டையும் எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல். அந்தக் கணக்கைத்தான் அடுத்த சம்பளப் பேச்சுக்கு நாம் கொண்டுபோகப் போகிறோம்.